கரையில் ஒரு பகல்

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகையில் இருந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரார் நம்புகிறார்கள். எந்த வைத்தியரிடம் காட்டலாம், காணி உறுதியில் பெயர் பிழைத்துப்போனால் யாரைப் பிடிக்கலாம், மகனுக்குக் கணக்கியல் நல்லதா கணினி நல்லதா என்று சாய்ந்தமருதுச் சந்தியில் மறித்துக் கேட்பார்கள். நானும் ஓய்வுபெற்றபின் பேச்சுக்கு ஆள் தேடுகிறவன். தெரிந்ததுபோல எதையாவது சொல்லி அனுப்பிவிடுவேன். 2025 மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதிலை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தேன்.

கேட்டவள் என் ராத்தாவின் மகள். கல்யாணம் முடித்து 2009இல் லண்டன் போனவள். அதன்பின் ஊருக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கதைப்பதில்லை. மூத்த பேரன் பிறந்தபோது ராத்தா அங்கே போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தார். இளைய பேத்தியை அவர் கைத்தொலைபேசித் திரையில் மட்டுமே கண்டிருந்தார். அவளுக்கு அப்போது எட்டு வயது.

கேள்வி இதுதான்: "மாமா, பிள்ளைகளுக்கு ஏப்ரல் விடுமுறையில கப்பல் பயணம் ஒண்டு போறம். சிங்கப்பூர்ல ஏறி, புக்கெட் போய், பிறகு திருகோணமலையில ஒரு நாள் நிக்குது. கடற்கரைக்குப் போறது நல்லமா, இல்லாட்டி ஊர் சுற்றிப் பார்க்கிற பயணம் நல்லமா? உங்களுக்குத்தானே அந்தப் பக்கம் எல்லாம் தெரியும்." கீழே கப்பல்காரர் தயாரித்த பட்டியலை இணைத்திருந்தாள். ஒரு பக்கத்தில் நிலாவெளிக் கடற்கரையில் பகல் முழுவதும், மதிய உணவுடன். மறுபக்கத்தில் கோட்டை, கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, சந்தை. இரண்டுக்கும் எதிரே பவுணில் விலை. அந்த விலைக்கு எங்கள் ஊரில் ஒரு வானை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுக்கலாம்.

இந்தக் கப்பல் பயணங்கள் நம்மில் பலருக்கு இப்போதுதான் பழக்கமாகி வருகின்றன. கப்பல் விடியற்காலையில் துறைமுகத்துக்குள் நுழையும். எட்டு மணிக்கு ஆட்களை இறக்கும். மாலை ஐந்தரைக்குள் எல்லோரும் திரும்பி ஏறிவிட வேண்டும். கப்பல்காரர் ஒழுங்குசெய்த பயணத்தில் போனவர்கள் பிந்தினால் கப்பல் காத்து நிற்கும். சொந்தமாக வாகனம் பிடித்துப் போனவர் பிந்தினால் நிற்காது. அடுத்த துறைமுகத்துக்கு அவர் தன் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான். பட்டியலில் உள்ள விலையில் பாதி இந்தப் பயத்துக்கான கட்டணம் என்று நினைக்கிறேன்.

முதல் பதிலைப் பத்திரிகைக்காரனாக எழுதினேன். ஏப்ரல் என்றால் கடற்கரையைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். மார்கழி, தை மாதங்களில் திருகோணமலைக்கு வரும் கப்பல்காரருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஐரோப்பியர் தங்கள் குளிருக்குத் தப்பி ஓடிவரும் அதே மாதங்களில்தான் வடகீழ்ப் பருவக்காற்று எங்கள் கிழக்குக் கடலைக் கலக்கி, ஆளை இழுக்கும் கடலாக ஆக்கி வைத்திருக்கும். பங்குனி கழிந்தால் அது அடங்கிவிடும். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு இருக்கிறது. 2003இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். முருகைக்கற்களுக்கிடையே மீன்களைப் பார்க்கலாம். ஊர் சுற்றுவதானால் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் கோயிலை இடித்துக் கட்டிய கோட்டை. அதற்குள் இன்றும் மான்கள் திரிகின்றன. மலை உச்சியில் திரும்ப எழுந்த கோணேசர் கோயில், கீழே நேர்க்குத்தாக இறங்கும் பாறை, அதன் அடியில் கடல். ஆனால் சித்திரை வெயிலில் பதினொரு மணிக்கு அந்த ஏற்றத்தில் பிள்ளைகளை நடத்துவது பாவம். காலையில் கோட்டை, பிற்பகலில் கடல் என்பதே நியாயமான ஒழுங்கு. கப்பல்காரர் அப்படி விற்பதில்லை. ஒன்றை வாங்கினால் மற்றதை விட வேண்டும்.

இவ்வளவையும் எழுதிய பிறகு வாசித்துப் பார்த்தேன். ஞாயிறு இதழில் போட்டால் எவரும் குறைசொல்ல மாட்டார்கள். பதினாறு ஆண்டுகளாகத் தாயின் வாசலை மிதிக்காத ஒரு பெண்ணுக்கு அவளுடைய மாமன் எழுதுவதற்கு இது பொருத்தமா என்று கேட்டால், இல்லை. அழித்தேன்.

இரண்டாவது பதில் கோபத்தில் எழுதியது. அதில் என்ன இருந்தது என்பதை இங்கே எழுதுவதற்கில்லை. சொந்த மண்ணுக்குச் சுற்றுலாப் பயணியாக வருகிறாயே, அதிலும் ஊருக்கு வராமல் எந்தக் கடற்கரை நல்லது என்று கேட்கிறாயே என்ற தோரணை. இரவு பத்து மணிக்கு எழுதியவற்றைக் காலையில் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது என்பது எங்கள் ஆசிரியபீடத்தில் எனக்கு முதலில் சொல்லித்தந்த பாடம். காலையில் அதையும் அழித்தேன்.

மூன்றாவது, கணக்கு. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 130 கிலோமீற்றர், அங்கிருந்து கல்முனை இன்னுமொரு நாற்பது. முன்பு அந்தப் பாதையில் துறைக்குத் துறை பாதைப்படகில் வாகனத்தை ஏற்றி இறக்கிப் போக ஒரு பகல் முழுவதும் வேண்டும். 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், பின்னர் மற்றப் பாலங்களும் வந்தன. இருந்தும் ஒரு வழிக்கு மூன்றரை மணித்தியாலம். எட்டரைக்குப் புறப்பட்டால் பன்னிரண்டுக்கு வீடு. ஒன்றரைக்கு வீட்டைவிட்டு வெளிக்கிட வேண்டும். ஒன்றரை மணித்தியாலத்துக்காக ஏழு மணித்தியால ஓட்டம், வழியில் ஒரு டயர் வெடித்தால் கப்பல் போய்விடும். இதை எழுதினால் அவளுக்கு வராமலிருக்க நானே காரணம் எடுத்துக் கொடுத்ததாகும். அதையும் அழித்தேன்.

இதற்கிடையில் அவளுடைய மகன் ஒரு நாள் திரையில் தோன்றி, "மாமாவின் ஊரில் துறைமுகம் இல்லையா? கப்பல் அங்கேயே வரலாமே" என்று ஆங்கிலத்தில் கேட்டான். பதினொரு வயதுப் பிள்ளையின் கேள்வி. ஆனால் எங்கள் கரையோர அரசியல் முழுவதும் அதற்குள் இருக்கிறது. துறைமுகம் இருக்கிறது மகனே என்றேன். கல்முனையிலிருந்து தெற்கே அரை மணித்தியாலத்துக்குள் ஒலுவில். அங்கே பல்கலைக்கழகமும் துறைமுகமும் வேண்டும் என்று கனவு கண்டவர் கல்முனையின் புதல்வர் எம்.எச்.எம். அஷ்ரஃப். 1994இல் துறைமுக அமைச்சரானார். பல்கலைக்கழகம் எழுந்தது. துறைமுகத்தைக் காண அவர் இருக்கவில்லை. 2000 செப்டம்பர் 16 அன்று ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தார். டென்மார்க் கடனுதவியில் கட்டப்பட்ட துறைமுகம் 2013இல் திறந்துவைக்கப்பட்டது. கடலுக்கு யாரும் சொல்லவில்லைப்போலும். அது தன் வழக்கப்படி தெற்கிலிருந்து வடக்கே மணலைச் சுமந்து வந்து வாசலிலேயே கொட்டியது. அலைதடுப்புக்கு ஒரு பக்கம் மண் மேடானது. மறுபக்கம் ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரையையும் தென்னைகளையும் கடல் தின்றது. வணிகக் கப்பல்கள் வந்துபோகும் துறைமுகமாக அது ஆகவே இல்லை. மீன்பிடிப் படகுகள்கூட மண்மேட்டால் வெளியே போக முடியாமல் கிடந்த காலம் உண்டு. திருகோணமலைத் துறைமுகத்தில் ஓர் இறங்குதுறைக்கு அஷ்ரஃபின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவருடைய ஊருக்கு வர வேண்டிய கப்பல் அவருடைய பெயருள்ள துறையில் நிற்கக்கூடும் என்பதோடு எங்கள் பங்கு முடிந்தது. இவ்வளவையும் பையனுக்குச் சொல்லவில்லை. "துறைமுகம் இருக்கிறது, அதற்குள் மணல் இருக்கிறது" என்றேன். மணல் இருந்தால் அது கடற்கரைதானே என்றான்.

இனி, கதைப்பதில்லை என்று மேலே சொன்னதைச் சொல்ல வேண்டும்.

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்றுவரை எங்கள் ஊர்கள் ஒரே தெருவில் கோத்த மணிகள். முஸ்லிம் ஊர், தமிழ் ஊர், மீண்டும் முஸ்லிம் ஊர். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் கடல், நடுவே கூரையோடு கூரை முட்டிய வீடுகள். நாங்கள் வளர்ந்த காலத்தில் கடற்கரை என்பது போய்ப் பார்த்துவிட்டு வரும் இடமன்று. கரைவலை இழுக்கும் இடம், சூடைமீன் காய்கிற இடம், பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடித்தவர்கள் ஒளிக்கிற இடம். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் கொடியேற்றம் வந்தால் மட்டும் அது திருவிழாவாகும். மணலில் மிட்டாய்க்கடையும் வளையல்கடையும் முளைக்கும். அந்த நாட்களில்தான் பெண்களும் கடலைக் கிட்ட நின்று பார்ப்பார்கள். ராத்தாவின் வீடு கடலுக்கு நூறு யாருக்குள் இருந்தது. அவருடைய கணவர், என் மச்சான், பள்ளிக்கூட ஆசிரியர்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். பள்ளிக்கூடம் இல்லை. ராத்தா அன்று காலையில் நிந்தவூரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். கடல் வந்தபோது மச்சான் மகளை இழுத்துக்கொண்டு ஓடி, அடுத்த வளவு மாடிப்படியில் ஏற்றிவிட்டு, "இதிலேயே நில்லு, மூத்தம்மாவைத் தூக்கிக்கொண்டு வாறன்" என்று திரும்பினார். அவருடைய தாய் படுக்கையில் இருந்தவர். தாயின் ஜனாஸா அன்று மாலையே கிடைத்தது. மச்சான் கிடைக்கவில்லை. அவள் அந்தப் படியிலேயே நின்றாள். தண்ணீர் வற்றி, ஆட்கள் வந்து இறக்கும்வரை. அவளுக்கு அப்போது வயது பதினைந்து.

நான் அன்று கொழும்பில் ஆசிரியபீடத்தில் இருந்தேன். தொலைபேசிகள் செத்துக் கிடந்தன. எப்படியோ வந்துகொண்டிருந்த எண்களைத் தலைப்பில் திருத்திக்கொண்டே இருந்தோம். அம்பாறை மாவட்டத்தின் எண் அன்றிரவு மூன்று முறை மாறியது. இலங்கையில் மிக அதிகமானோரை, பத்தாயிரத்துக்கும் மேல், அந்தக் கடல் எடுத்தது எங்கள் மாவட்டத்தில்தான் என்பது பின்னர் தெரிந்தது. என் மச்சானைச் சேர்த்துத்தான் நான் திருத்தினேன் என்பதும் பின்னர்தான் தெரிந்தது. உடல் கிடைக்காத நிலையில் இத்தா எந்த நாளிலிருந்து என்று மௌலவியிடம் கேட்கப் போனவன் நான். என் தொழில் வாழ்க்கையில் அதைவிடக் கடினமான கேள்வி எதையும் எவரிடமும் கேட்டதில்லை.

பிறகு கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்றார்கள், தளர்த்தினார்கள். ராத்தா தளர்த்தியதைப் பற்றிக் கவலைப்படவில்லை. வயல் பக்கம் வொலிவேரியன் கிராமத்தில் வீடு கிடைத்தது, போய்விட்டார். அங்கிருந்து கடல் இரண்டு கிலோமீற்றருக்குள்தான். இருபது ஆண்டுகளாக அவர் அந்தப் பக்கம் போகவில்லை. மீன் மட்டும் வாங்குவார். கடலோடு பிணக்கு, மீனோடு இல்லை.

பதில் எழுத முடியாமல் கடைசியில் பட்டியலை ராத்தாவிடமே கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். படங்களைத்தான் பார்த்தார் என்று நினைத்தேன்.

"பிள்ளைகளுக்கு எது விருப்பமாம்?"

"கடல்தான். புக்கெட்டிலயும் கடல் கேட்டுப் பார்த்தாங்களாம். அவ கடலுக்கு விடயில்ல. டவுன் சுத்துற பயணம்தான் எடுத்திருக்கா."

ராத்தா ஒன்றும் சொல்லவில்லை. புக்கெட்டின் கரையிலும் அதே காலையில் அதே கடல் ஏறியது என்பதை அவர் அறிவார். அந்த வாரத்துப் பத்திரிகைகளை அவர் இன்னும் வைத்திருக்கிறார்.

"இஞ்ச வந்து போக நேரம் காணாது, என்ன?"

"காணாது."

"அப்ப, பாதி வழியில எந்த ஊர்?"

வாழைச்சேனை என்றேன். கப்பலிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேல், எங்களிடமிருந்து இரண்டுக்குச் சற்றுக் குறைவு. வாழைச்சேனையில் எங்கே இருந்து கதைப்பது, தெரிந்தவர் வீடு ஏதும் உண்டா என்று என் மூளை போய்க்கொண்டிருந்தது.

"அங்கதானே பாசிக்குடா," என்றார் ராத்தா. "அங்க கடல் ஆழமில்லையாம். கனதூரம் நடந்து போகலாமாம். பிள்ளைகள் குளிக்கட்டும். நான் சோறாக்கிக்கொண்டு வாறன்."

மகளுக்கு இதைச் சொல்லும் பொறுப்பு என்னுடையதாயிற்று. தொலைபேசியில் அவள் வெகுநேரம் பேசவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"உம்மா கடற்கரைக்கு வாறாவா?"

"அவதான் சொன்னா."

"நீங்க சொல்லிக் குடுத்தீங்களா மாமா?"

"இல்ல மகள்."

"அப்ப நானும் வரத்தானே வேணும்," என்றாள்.

பெருநாள் கழிந்து இரண்டாவது வாரம், காலை ஏழரைக்கு வானில் புறப்பட்டோம். ராத்தா விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து சமைத்திருந்தார். நெய்ச்சோறு, கோழிக்கறி, கத்தரிக்காய், எருமைத் தயிர் இரண்டு முட்டி, ஒரு பெட்டி தொதல், லண்டன் மருமகனுக்கு மருதமுனைக் கைத்தறிச் சாரம். வான் சாரதி எங்கள் தெருப் பையன். இவ்வளவு சோற்றுக்கு எத்தனை பேர் என்று கேட்டான். ஏழு பேர் என்றேன், அவனையும் சேர்த்து. களுவாஞ்சிக்குடி, ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடிப் பாலம் என்று ஊர்கள் பின்னால் போயின. ராத்தா ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை, தஸ்பீஹ் உருட்டிக்கொண்டு வந்தார்.

பாசிக்குடாவை அறியாதவர்களுக்கு: பெயரே சொல்வதுபோல அது ஒரு குடா. வெளியே முருகைக்கல் திட்டு அலையைத் தடுத்துவிடுவதால் உள்ளே கடல் குளம்போலக் கிடக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். போருக்கு முன்னும் ஹோட்டல்கள் இருந்தன, போரில் பாழாயின. 2009க்குப் பின் வரிசையாகப் புதியவை எழுந்தன. பொதுமக்கள் இறங்கும் பக்கத்தில் மரநிழலில் பாயை விரித்தோம். ஆழமற்ற, அலையற்ற கடல். எங்கள் ஊர்க் கடலைப்போல அது இரைவதில்லை. ராத்தா அங்கே உட்காரச் சம்மதித்ததற்கு அதுவே காரணமாயிருக்கலாம்.

பத்தே முக்காலுக்கு அவர்களுடைய வாகனம் வந்தது. தாயும் மகளும் கட்டிப்பிடித்து அழுததை விவரிக்கப் போவதில்லை. அதை நீங்களே அறிவீர்கள். நான் எதிர்பாராதது அதன்பின் நடந்தது. பேத்தி, திரையில் மட்டுமே அறிந்த பேத்தி, ராத்தாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "மூத்தம்மா, கம்" என்றாள். அவளுடைய தமிழில் அந்த ஒரு சொல்தான் தமிழ். ராத்தா செருப்பைக் கழற்றினார். அபாயாவின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். மணலில் இறங்கி, ஈரமணல்வரை போய், நின்றார். பிள்ளை மேலும் இழுத்தது. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. அங்கே நின்று அவர் எதையோ ஓதினார். உதடுகள் அசைவது தெரிந்தது. பிள்ளை காத்துக்கொண்டு நின்றது. பிறகு குனிந்து ஒரு கை தண்ணீரை எடுத்துப் பிள்ளையின் தலையில் ஊற்றினார். பிள்ளை சிரித்துக் கத்தியது.

மகள் வரவில்லை. கடலுக்கு முதுகைக் கொடுத்து, பாயில், மரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மருமகனும் பேரனும் தண்ணீரில் வெகுதூரம் போய்விட்டிருந்தார்கள். அவர்களுடைய தலைகள் மட்டும் தெரிந்தன. அவளிடம் அதைச் சொல்லவில்லை.

"உங்களுக்கு என்னில கோபம் எண்டு தெரியும் மாமா. ஒரு நாளைக்கு வாறாளே எண்டு."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"ஒவ்வொரு முறையும் டிக்கட் பாத்திருக்கன். ரெண்டு கிழமை எண்டா ரெண்டு கிழமையும் அங்க படுக்கணும். இரவில கடல் கேக்கும். இது ஒரு நாள். அஞ்சரைக்குக் கப்பல் போயிடும், நான் நிக்க வேணும் எண்டாலும் நிக்க ஏலாது. அதாலதான் வர ஏலுமாயிருந்தது."

ஒரே நாள்தான் நிற்கிறது என்று நான் குறைசொன்ன அந்தக் கப்பலில் அவள் கைப்பிடியைக் கண்டிருந்தாள். ஐந்தரை மணி என்ற எல்லை எனக்குத் தடையாகத் தெரிந்தது. அவளுக்கு அது வாசற்கதவு. இரவு பத்து மணிக்கு எழுதி அழித்த அந்தக் கடிதத்தை நினைத்துக்கொண்டேன். அனுப்பியிருந்தால் இந்தப் பாய் விரிந்திருக்காது.

பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டோம். மருமகன் நீச்சல் காற்சட்டைக்கு மேல் மருதமுனைச் சாரத்தைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்தது. ராத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். பேரன் தயிரைக் கண்டுபிடித்தான். ஒரு முட்டி அவனுக்கே போயிற்று. அப்போதுதான் மகள், சோற்றைப் பிசைந்தபடி, தாயின் முகத்தைப் பாராமல் கேட்டாள்.

"உம்மா, புது வீட்டுக்குக் கடல் கேக்குமா?"

ராத்தா உடனே பதில் சொல்லவில்லை. எலும்பை ஒதுக்கி வைத்தார்.

"மாரியில கேக்கும். மற்ற நாள்ல இல்ல."

"கேட்டா என்ன செய்வீங்க?"

"என்ன செய்யிற. எழும்பி வுழு செஞ்சு தொழுவன். வாப்பாவுக்கு ரெண்டு றக்அத்து. பிறகு படுத்திடுவன்."

இருபது ஆண்டுகளில் அவர்கள் இருவரும் அதைப்பற்றிக் கதைத்தது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். அதற்குப்பின் பேச்சு பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வெங்காய விலை, யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்று போயிற்று. ஒன்றரைக்கு நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்று நாற்பதுக்கு மருமகன் பார்த்தார். புறப்படும்முன் மகள் எழுந்து, எவரிடமும் ஒன்றும் சொல்லாமல், மணலில் கொஞ்சத்தூரம் நடந்தாள். தண்ணீர்வரை போகவில்லை. நடுவில் நின்றாள். ராத்தா எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றார். நான் பாயைச் சுருட்டத் தொடங்கினேன்.

இரண்டு மணிக்கு அவர்கள் போனார்கள். வெருகலுக்கு அப்பால் மாட்டுப் பட்டி ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு நின்றதாம். இருபது நிமிடம் போயிற்றாம். நாங்கள் அதற்குள் மட்டக்களப்புக்கு வந்து, தெருவோரம் வானை நிறுத்திவிட்டுத் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து மணி பன்னிரண்டுக்கு "ஏறிட்டம்" என்று ஒரு சொல் வந்தது. அதன்பிறகுதான் ராத்தா காத்தான்குடியில் தேநீர் குடிக்கச் சம்மதித்தார்.

மூன்று நாள் கழித்துக் கடலின் நடுவிலிருந்து மறுபடியும் கேள்வி வந்தது. அடுத்த துறைமுகம் கொச்சி. கடற்கரைக்குப் போவதா, கோட்டைக் கொச்சியைச் சுற்றிப் பார்ப்பதா? கோட்டைக் கொச்சியில் சீனவலை பார்க்கலாம், அது கடலோரத்தில்தான் இருக்கிறது, இரண்டும் ஒன்றாகவே முடியும் என்று எழுதிக்கொண்டிருந்தேன். ராத்தா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பிள்ளைகளுக்குத் தொப்பி போடச் சொல்லு தம்பி, அண்டைக்குப் போடயில்ல" என்றார். அதையும் சேர்த்து அனுப்பினேன்.